மான் கறி ப்ராசஸிங் செலவு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைக்கான பொது சீசன் திறக்கும். அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்தே எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள், ஆபீஸில் யாரோ கூப்பிட்டார் என்று முதல் தடவை வேட்டைக்குப் போயிருப்பார்கள், ஒரு மானும் கிடைத்திருக்கும், அதை வெட்டித் தரும் கடை வாசலில் நின்றுகொண்டு "நூத்தம்பது டாலர்ங்கிறான், சரிதானா?" என்று கேட்பார்கள். பதினோரு சீசனாகப் போய்வருகிறேன், ஆரம்பத்தில் இதே சந்தேகங்கள் எனக்கும் இருந்தன, அதனால் கேட்டதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கீழே வரும் விலைகள் கடந்த சில சீசன்களில் லானோ, கெர்வில், ஜங்ஷன் வட்டாரத்தில் நான் கொடுத்ததும் பார்த்ததும். உங்கள் பக்கம் இருபது முப்பது டாலர் முன்பின் இருக்கும்.

ப்ராசஸிங்னா என்ன? நம்ம ஊர் கசாப்புக் கடையில வெட்டுறதுதானே?

கிட்டத்தட்ட அதேதான், ஒரு வித்தியாசம் உண்டு. கசாப்புக் கடையில் கறியை விலைக்கு வாங்குகிறோம். இங்கே கறி ஏற்கெனவே உங்களுடையது, கடைக்காரர் வாங்குவது கூலி மட்டும். குடல் எடுத்த மானைக் கொண்டுபோய் இறக்கினால், எடை போட்டு, உங்கள் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, குளிர் அறையில் தொங்கவிடுவார்கள். அப்புறம் தோலை உரித்து, எலும்பை நீக்கி, நீங்கள் சொன்னபடி துண்டு போட்டு, பாக்கெட் கட்டி, உறைய வைத்து, போன் செய்வார்கள்.

இந்தக் கடைகளில் பாதி, வருஷம் முழுக்க மாடு பன்றி வெட்டும் ஊர்க் கடைகள். மீதி சீசனுக்கு மட்டும் திறப்பவை. திறந்த முதல் வாரம் வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கறி கைக்கு வர இரண்டு வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம்.

மொத்தமா எவ்வளவு ஆகும்? சுத்தி வளைக்காம ஒரு நம்பர் சொல்லுங்க.

இந்தப் பக்கம் சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளை வால் மானான வைட்டெயில், சாதாரண வெட்டு என்றால் 120-லிருந்து 160 டாலர். அதோடு சாசேஜ், ஜெர்க்கி (உலர்த்திய கறிக் கீற்று) என்று சேர்த்தால் 250 முதல் 400 வரை போகும். இரண்டும் ஒரே மான்தான். வித்தியாசம் முழுக்க நீங்கள் சீட்டில் எதை டிக் செய்தீர்கள் என்பதில்தான் இருக்கிறது.

என் போன சீசன் பில்லையே சொல்கிறேன். அடிப்படை வெட்டு 115, தோல் உரிக்க 20, வேக்யூம் பாக்கெட்டுக்கு 15, பத்து பவுண்டு சம்மர் சாசேஜ் பவுண்டுக்கு 4.50 வீதம் 45. ஆக 195 டாலர். மான் இறக்கும்போதே 50 டாலர் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். கறியை எடுக்க வராமலே போகிறவர்கள் இருப்பதால் இப்போது நிறையக் கடைகளில் முன்பணம் கேட்கிறார்கள்.

அந்த 115-ல என்னென்ன அடங்கும்?

பொதுவாக எலும்பு நீக்குவது, முதுகுச் சதை எனும் பேக்ஸ்ட்ராப்பைத் தனியாக எடுப்பது, பின்னந்தொடையை ஸ்டேக்காகவோ ரோஸ்டாகவோ வெட்டுவது, மீதியைக் கொத்துக்கறியாக அரைப்பது, பேப்பரில் சுற்றி உறைய வைப்பது, இவ்வளவும் அடங்கும். தோல் உரிப்பது சில இடத்தில் அடக்கம், சில இடத்தில் தனி. மெஷினில் குத்தி மிருதுவாக்குவது, ஸ்டூ துண்டாக நறுக்குவது, கொழுப்பு கலப்பது எல்லாம் பெரும்பாலும் தனி. தலையை மாட்டிவைக்கப் பதப்படுத்தக் கொடுப்பதாக இருந்தால், தோளோடு தோலைக் கவனமாகக் கழற்ற 30-லிருந்து 75 டாலர் வரை கேட்பார்கள். கறிக்காகப் போகிறவருக்கு அது தேவையில்லை.

கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "நான் வெளியே போகும்போது கையில் கொடுக்கும் தொகை எவ்வளவு?" போர்டில் 95 என்று எழுதிய கடையில் 160 கொடுத்திருக்கிறேன், 130 என்று எழுதிய கடையில் சரியாக 130 கொடுத்திருக்கிறேன்.

நூறு பவுண்டு மானைக் கொடுத்தேன், முப்பத்தஞ்சு பவுண்டுதான் வந்துச்சு. மீதியை அவங்களே எடுத்துக்கிட்டாங்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர் குரலில் வருத்தம் தெரியும். எடுக்கவில்லை. கணக்கைப் பாருங்கள். உயிரோடு 100 பவுண்டு இருந்த மானில் குடல், ரத்தம், நுரையீரல் போனால் 78 பவுண்டு. தலை, தோல், குளம்புக்கால் போனால் 55-க்குப் பக்கத்தில் வரும். எலும்பை நீக்கினால் 40. அப்புறம் கொழுப்பு, ஜவ்வு, குண்டு பட்டுக் கெட்டுப்போன சதை எல்லாம் கழித்தால் 35. குடல் எடுத்த எடையில் ஏறக்குறைய பாதி சுத்தக் கறி என்பது நல்ல கணக்கு. நம்ம ஊரில் இருபது கிலோ ஆட்டில் பத்து கிலோ கறி என்று சொல்வது எலும்போடு சேர்த்து, அந்தக் கணக்கை மனதில் வைத்து இங்கே பார்த்தால் ஏமாந்த மாதிரிதான் தோன்றும்.

குண்டு எங்கே பட்டது என்பது பெரிய விஷயம். ஒருமுறை கடைக்காரரிடம் கேட்டு, என் மானை வெட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். குண்டு ஒரு தோளில் நுழைந்து மறு தோளில் வெளியேறியிருந்தது. வெளியே சின்ன ஓட்டை. தோலை உரித்ததும் உள்ளே இரண்டு தோளும் கருஞ்சிவப்பு ஜெல்லி மாதிரி, நடுவில் எலும்புச் சில்லுகளும் மயிரும் ஒட்டிக்கிடந்தன. கடைக்காரர் ஒன்றும் பேசாமல் இரண்டு பக்கமும் வெட்டித் தராசில் போட்டுக் காட்டினார், ஏழு பவுண்டு. அதற்குப் பிறகு நான் தோளுக்குப் பின்னால் விலாவில் மட்டும்தான் சுடுகிறேன், சரியான கோணம் கிடைக்காவிட்டால் சுடாமல் விட்டுவிடுகிறேன்.

இறக்கும்போது எடைச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குடல் எடுத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கறி வந்தால் காரணம் கேளுங்கள், நல்ல கடைக்காரர் பொறுமையாகச் சொல்வார்.

ஒரு கடையில பவுண்டுக்கு 1.25, இன்னொரு கடையில மொத்தமா 130. எது மலிவு?

எந்த பவுண்டு என்று முதலில் கேளுங்கள். தொங்கும் எடைக்கா, பாக்கெட் எடைக்கா? மேலே சொன்ன 100 பவுண்டு மானுக்குத் தொங்கும் எடை தோலோடு 78 என்றால், 1.25 வீதம் 97 டாலர் ஆகிறது. சின்ன மானுக்கு இது லாபம். கொலராடோ போய் எல்க் எனும் பெரிய மானை அடித்து வருகிறவர்களுக்கு மொத்தக் கட்டணம் என்பதே பெரும்பாலும் கிடையாது, எடைதான். 200 பவுண்டு தொங்கினால் 250 டாலர், கைக்கு வருவது 120, 130 பவுண்டு. அதாவது பாக்கெட் கணக்கில் பவுண்டுக்கு இரண்டு டாலர் விழுகிறது. 1.25 என்று மனதில் போட்டுவைத்தவருக்கு அங்கேதான் அதிர்ச்சி.

இண்டியன் ஸ்டோர் ஆட்டுக்கறியை விட மலிவா வருமா?

ப்ராசஸிங் கூலியை மட்டும் பார்த்தால் ஆமாம். 150 டாலருக்கு 35 பவுண்டு எலும்பில்லாத கறி, பவுண்டு ஏறக்குறைய 4.30. அதே எலும்பில்லாத ஆட்டுக்கறி எந்தக் கடையிலும் அந்த விலைக்கு வராது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் நிலம் பெரும்பாலும் தனியாருடையது, வேட்டையாட இடத்துக்கே வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குத்தகை கொடுக்கிறார்கள், ஒருநாள் வேட்டைக்கும் சில நூறு டாலர் ஆகும். லைசென்ஸ், துப்பாக்கி, பெட்ரோல், தங்குவது எல்லாம் வேறு. நண்பரின் நிலத்தில் இலவசமாகப் போகிறவருக்குத்தான் இது மலிவுக் கறி. கறி மிச்சம் பிடிக்கலாம் என்று மட்டும் நினைத்து இதில் இறங்க வேண்டாம்.

குழம்புக்கு எலும்போட வெட்டித் தருவாங்களா?

பெரும்பாலும் மாட்டார்கள், நம்மிடம் வெறுப்பினால் இல்லை. சிடபிள்யூடி என்று மானுக்கு வரும் மூளை நோய் ஒன்று இருக்கிறது (டெஸ்ட் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்), அதற்குக் காரணமான பொருள் மூளையிலும் தண்டுவடத்திலும் அதிகம் சேரும். முதுகெலும்பை ரம்பத்தால் அறுத்தால் அது கறி முழுக்கத் தெறிக்கும், ரம்பத்தில் ஒட்டி அடுத்தவர் மானுக்கும் போகும். அதனால் முதுகெலும்பைத் தொடாமல் கத்தியால் மட்டும் சதையை எடுக்கிறார்கள்.

ஆனால் கால் எலும்புக்கு அந்தத் தயக்கம் குறைவு. முழங்காலுக்கு மேலே இருக்கும் நல்லிப் பகுதியை இரண்டு அங்குலத் துண்டாகக் குறுக்கே அறுத்துத் தரச் சொல்லுங்கள், நிறையக் கடைகளில் செய்வார்கள், சில இடத்தில் பத்து டாலர் கூடுதல். சொல்லாவிட்டால் அதைக் கொத்துக்கறியில் போட்டுவிடுவார்கள். நல்லியைக் குக்கரில் எட்டு விசில் விட்டு மிளகு ரசம் மாதிரி வைத்துப் பாருங்கள். நேர்மாறாக பேக்ஸ்ட்ராப்பைக் குக்கரில் போடவே போடாதீர்கள், கொழுப்பே இல்லாத சதை அது, நார் நாராகிவிடும். இரும்புச் சட்டியில் மிளகு சீரகம் போட்டு இரண்டு பக்கமும் சில நிமிஷம் வாட்டினால் போதும்.

ஈரல், இதயம், தலை எல்லாம் கொடுப்பாங்களா?

குடல் எடுக்கும் இடத்திலேயே ஈரலும் இதயமும் வெளியே வந்துவிடும், அதனால் அவற்றை நீங்கள்தான் அங்கேயே எடுத்து, கழுவி, ஜிப் பையில் போட்டு ஐஸில் வைக்க வேண்டும். ஈரலில் வெள்ளைப் புள்ளியோ, கட்டியோ, தட்டையான புழுவோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். மூளை வேண்டவே வேண்டாம், காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது. ஊரில் தலைக்கறிக்குப் பழகியவர்களுக்கு மனசு கேட்காது, எனக்கும் அப்படித்தான் இருந்தது, இருந்தாலும் மான் விஷயத்தில் வேண்டாம்.

கொத்துக்கறியில மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு கலப்பாங்களாமே?

கலப்பார்கள். மான் கறி வறண்ட கறி, பர்கர் தட்டினால் உதிர்ந்துவிடும், அதனால் பத்து முதல் இருபது சதவீதம் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது இங்கே வழக்கம். மாடு சாப்பிடாதவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள் இரண்டு பேருமே சீட்டில் "கொழுப்பு சேர்க்க வேண்டாம்" என்று எழுதி, வாயாலும் சொல்லிவிடுங்கள். கைமா உருண்டைக்கும் கீமாவுக்கும் கொழுப்பே தேவையில்லை, உங்களுக்கு அந்தக் காசும் மிச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரைக்கும் மெஷின் ஒன்றுதான். உங்களுக்கு முன்னால் அரைத்தது பன்றி கலந்த சாசேஜாக இருக்கலாம். மத நம்பிக்கைப்படி துளிகூடப் படக்கூடாது என்று இருப்பவர்கள் அரைக்கவே கொடுக்காதீர்கள். துண்டுகளாக வாங்கி வீட்டில் அரைத்துக்கொள்வதுதான் நிம்மதி. ஹலால் முறைப்படி வேண்டும் என்று கேட்கும் நண்பர்களுக்கு: அந்த விஷயம் சுடும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது, ப்ராசஸர் கையில் எதுவும் இல்லை. உங்கள் பள்ளிவாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வர்றது என் மான்தானா, யாரோடதோவா?

ஸ்டேக், ரோஸ்ட், பேக்ஸ்ட்ராப் பெரும்பாலும் உங்களுடையதுதான். கொத்துக்கறி கடையைப் பொறுத்தது. சாசேஜும் ஜெர்க்கியும் பல கடைகளில் நாலைந்து பேர் கறியை ஒன்றாகக் கலந்து பெரிய தொட்டியில் செய்து, நீங்கள் கொடுத்த எடைக்குத் தக்க பங்கு தருவார்கள். ஒருவர் மானைப் பத்திரமாக ஐஸில் வைத்துக் கொண்டுவந்திருப்பார், இன்னொருவர் வெயிலில் வண்டிப் பின்னால் போட்டு நாலு மணி நேரம் ஓட்டிவந்திருப்பார், இரண்டும் ஒரே தொட்டியில் விழும். எனக்கு அது ஒப்பவில்லை. "தனி பேட்ச்" என்று கேளுங்கள். அதற்குக் குறைந்தபட்ச எடை இருக்கும், பெரும்பாலும் இருபது இருபத்தைந்து பவுண்டு, நண்பர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எட்டிவிடும்.

சாசேஜ் சேர்த்தா பில் ஏன் இவ்வளவு எகிறுது?

பவுண்டுக்கு 3-லிருந்து 5 டாலர், சீஸ் மிளகாய் போட்டால் அதற்கும் மேலே. கலக்கும் பன்றிக் கறியின் எடையும் கணக்கில் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பத்து பவுண்டு மான் கறி கொடுத்தால் பதினைந்து பவுண்டு சாசேஜாகத் திரும்பும், பதினைந்துக்கும் காசு. ஜெர்க்கி நேர்மாறு. உலர்ந்தால் எடை பாதிக்கும் கீழே போய்விடும், ஆனால் பெரும்பாலான கடைகள் ஈர எடைக்குத்தான் விலை போடும். பத்து பவுண்டு கொடுத்து நாலு பவுண்டு வாங்கும்போது மனசு வலிக்கும்.

என் கருத்து, முதல் தடவை சாதாரண வெட்டு மட்டும் போதும். உங்கள் வீட்டில் எதை யார் சாப்பிடுகிறார்கள் என்று ஒரு சீசன் பார்த்துவிட்டு அடுத்த முறை சாசேஜ் பற்றி யோசியுங்கள். நம்ம வீடுகளில் சுக்காவும் கோலா உருண்டையும் ஓடுகிற வேகத்துக்கு சம்மர் சாசேஜ் ஓடாது.

வீச்சம் அடிக்குது. கடைக்காரர் மேல தப்பா?

பத்தில் எட்டு தடவை இல்லை. சுட்ட பிறகு முதல் இரண்டு மணி நேரத்தில் நடப்பதுதான் வாடையைத் தீர்மானிக்கிறது, அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல கடையில் கொடுத்தாலும் சரி செய்ய முடியாது. லானோ, கெர்வில் இருக்கும் இந்த ஹில் கன்ட்ரி வட்டாரத்தில் நவம்பரிலும் 80 டிகிரி ஃபாரன்ஹீட் அடிக்கும். உடனே குடலை எடுக்க வேண்டும். வயிற்றைத் திறக்கும்போது கத்தி முனை உள்ளே போகாமல் இரண்டு விரலைக் கீழே கொடுத்துத் தோலை மேலே தூக்கி வெட்ட வேண்டும், இரைப்பையையோ மூத்திரப் பையையோ குத்திவிட்டால் கதை முடிந்தது. வாலுக்குக் கீழே இருக்கும் குழாயைச் சுற்றி அறுத்து, கட்டி, உள்ளே இழுத்து எடுக்க வேண்டும். பின்னங்காலில் இருக்கும் கருப்பு மயிர்ச் சுரப்பியைத் தொட்ட கையோடு கறியைத் தொடாதீர்கள்.

வயிற்றுக்குள் ஐஸ் மூட்டையை அப்படியே பையோடு வைத்து, வெயில் படாமல் மூடிக் கொண்டுபோங்கள். 40 டிகிரிக்குக் கீழே எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது.

கடைக்காரர் பொறுப்பு எங்கே வருகிறது என்றால் கொழுப்பிலும் ஜவ்விலும். மான் கொழுப்பு மெழுகு மாதிரி அண்ணத்தில் ஒட்டும், வாடையில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. பாக்கெட்டைப் பிரித்ததும் வெள்ளையாகக் கொழுப்பும் மயிரும் ஒட்டியிருந்தால் அடுத்த வருஷம் கடையை மாற்றுங்கள். அவசர வாரத்தில் எந்தக் கடையிலும் கை வேகம் கூடும், டிசம்பரில் கொடுத்தால் வெட்டு சுத்தமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

ஞாயித்துக்கிழமை அடிச்சேன், கடை மூடியிருக்கு. திங்கள் வரைக்கும் என்ன பண்றது?

தோலை உரித்து நாலு காலையும் தனியாக எடுத்து, முதுகுச் சதையையும் உருவி, பெரிய ஐஸ் பெட்டியில் வையுங்கள். அடியில் ஐஸ், மேலே கறி, மறுபடி ஐஸ். வடிகால் மூடியைத் திறந்துவைத்து, பெட்டியைச் சற்றுச் சாய்த்து வையுங்கள், உருகிய தண்ணீரில் கறி ஊறக்கூடாது. இரண்டு மூன்று நாள் தாராளமாகத் தாங்கும். வேட்டை லைசென்ஸோடு கிடைத்து, மானில் கட்டும் சீட்டான டேக் தொலையாமல் கறியோடே இருக்கட்டும், கடையில் அதைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதுவார்கள், இல்லாவிட்டால் வாங்க மாட்டார்கள்.

இப்படிக் காலாகக் கொண்டுபோனால் தோல் உரிக்கும் கூலி மிச்சம், சில இடத்தில் அடிப்படைக் கட்டணமே இருபது முப்பது குறையும். ஆனால் மண்ணும் மயிருமாகக் கொண்டுபோனால் சுத்தம் செய்யத் தனிக் காசு போடுவார்கள், போடுவது நியாயம்தான்.

புள்ளிமான் அடிக்கலாம்னாங்க. அது நம்ம ஊர் புள்ளிமானா? அதுக்கும் இதே செலவா?

அதே புள்ளிமான்தான். 1932-இல் டெக்சாஸுக்குக் கொண்டுவந்து பண்ணைகளில் விட்டார்கள், வேலி தாண்டிப் பெருகி இன்று கெர்வில் சாலையோரத்தில் கூட்டம் கூட்டமாக மேய்கிறது. இந்த மண்ணுக்கு வெளியிலிருந்து வந்த இனம் என்பதால் சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, வேட்டை லைசென்ஸ் மட்டும் வேண்டும். ஊரில் 1972 வனவிலங்குச் சட்டத்தில் தொடக்கூடாத விலங்கு, முதுமலையில் பார்த்து வளர்ந்த விலங்கு, இங்கே சுடச் சொல்கிறார்களே என்று பலருக்குச் சங்கடம். அந்தச் சங்கடம் சரியானது, வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம். நான் சாப்பிடுகிறேன், இந்த மண்ணின் வைட்டெயிலுக்கு வேண்டிய தழையை அது தின்று தீர்ப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

செலவு அதே அளவு, ஆண் பெரிதாக இருந்தால் எடைக்கு இருபது முப்பது டாலர் கூடும். கொழுப்பு குறைவு, வாடை கிட்டத்தட்டக் கிடையாது. கோடையில் அடித்தால் கடையில் கூட்டம் இருக்காது, ஆனால் வெயிலுக்கு ஐஸ் இரண்டு மடங்கு வேண்டும். தென் டெக்சாஸில் நீலகாயும் உண்டு, அது மாடு அளவு விலங்கு, பில்லும் அந்த அளவு. கொம்பை ஊருக்குக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள், இந்தியாவில் அது பெரிய வம்பில் முடியும்.

காட்டுப்பன்றி எடுப்பாங்களா?

எல்லாக் கடையும் எடுக்காது. எடுத்தாலும் தோல் உரிக்கக் கூடுதலாகக் கேட்பார்கள். முன்கூட்டிப் போன் செய்துவிட்டுப் போங்கள். குடல் எடுக்கும்போது கண்டிப்பாகக் கையுறை போடுங்கள், புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் நோய் தொற்றலாம். சமைக்கும்போது 160 டிகிரி ஃபாரன்ஹீட் வரை உள்ளே வேக வேண்டும்.

நாமளே வீட்ல வெட்டினா மிச்சமாகாதா?

ஆகும், மூன்றாவது மானிலிருந்து. நல்ல அரைக்கும் மெஷின், வேக்யூம் மெஷின், கத்தி என்று முதலில் 300 டாலர் வரை போகும். முதல் மானுக்கு எனக்கு ஏழு மணி நேரம் ஆனது, இப்போது மூன்று. கூட இரண்டு பேர் இருந்தால் ஒரு சனிக்கிழமை வேலை. வெட்டு நம்ம இஷ்டம், ஜவ்வை நம்ம பொறுமைக்கு எடுக்கலாம், கொழுப்பு, கலப்பு பற்றிய மேலே உள்ள கவலை எதுவும் இல்லை. நடுவழி ஒன்றும் உண்டு: பின்னந்தொடையும் பேக்ஸ்ட்ராப்பும் வீட்டில் வெட்டிக்கொண்டு, தோளையும் கழுத்தையும் மட்டும் அரைக்கக் கொடுக்கலாம், பவுண்டுக்கு ஒரு டாலர் சொச்சம்தான்.

ஃப்ரெண்ட்ஸ் கறி கேக்கறாங்க. செலவைப் பிரிச்சு பவுண்டுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கலாமா?

கூடாது. வேட்டையாடிய மான் கறியை விற்பது சட்டப்படி குற்றம், வாட்ஸப் குழுவில் விலை போடுவதும் அதில்தான் சேரும். 1900-இல் வந்த லேசி சட்டம் முதலாகவே இந்த நாட்டில் வேட்டைக் கறி வியாபாரத்தைக் கட்டுப்படுத்தி வந்திருக்கிறார்கள், சந்தைக்காகச் சுட்டே பல இனங்களை அழித்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. என் பாக்கெட்டுகளில் "விற்பனைக்கு அல்ல" என்று சிவப்பு முத்திரை குத்தித்தான் தருகிறார்கள். ஹோட்டலில் கிடைக்கும் மான் கறி பண்ணை வளர்ப்பாகவோ, அரசு ஆய்வாளர் முன்னிலையில் எடுத்ததாகவோ இருக்கும். நண்பருக்குச் சும்மா கொடுங்கள், தாராளமாகக் கொடுக்கலாம்.

சிடபிள்யூடி டெஸ்ட் எடுக்கணுமா? பாசிட்டிவ்னா கட்டின காசு போச்சா?

வைட்டெயில், மியூல் மான், எல்க் போன்றவற்றுக்கு வரும் மூளை நோய் இது. 1967-இல் கொலராடோவில் முதலில் கவனித்தார்கள், டெக்சாஸில் 2012-இல் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனால் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்கிறது, சமைத்தாலும் அந்தப் பொருள் அழியாது. மான் பார்க்க நன்றாக இருந்தாலும் நோய் இருக்கலாம், அதனால் நோய் தெரிந்த பகுதியில் அடித்தால் நான் டெஸ்ட் இல்லாமல் சாப்பிடுவதில்லை. டெக்சாஸ் வனவிலங்குத் துறையின் சோதனை நிலையங்களில் மாதிரி எடுப்பது இலவசம்.

காசு விஷயத்தில், வெட்டிய கூலி திரும்பாது. அதனால் இறக்கும்போதே "ரிசல்ட் வரும்வரை தொங்கட்டும், அப்புறம் வெட்டுங்கள்" என்று கேளுங்கள், இடமிருந்தால் சம்மதிப்பார்கள். முடியாது என்றால் சாதாரண வெட்டும் தனிப் பாக்கெட்டும் மட்டும் சொல்லுங்கள். ரிசல்ட் தெரியாத மானைக் கலவைத் தொட்டியில் போட விடாதீர்கள், அது மற்றவர்கள் சாப்பாடும்கூட.

குண்டுல ஈயம் இருக்கே, குழந்தைங்களுக்குக் கொடுக்கலாமா?

நல்ல கேள்வி, குறைவாகவே கேட்கிறார்கள். ஈயக் குண்டு உள்ளே உடைந்து கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறும், அரைக்கும்போது கொத்துக்கறி முழுக்கப் பரவும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயத் துகள் கிடைத்து, உணவு மையங்களில் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினார்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடு என்றால் செம்புக் குண்டுக்கு மாறுங்கள், விலை கொஞ்சம் கூடுதல். ஏற்கெனவே ஈயத்தில் அடித்துவிட்டால், காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியச் சொல்லுங்கள், எடை குறைந்தாலும் பரவாயில்லை.

ரெண்டாவது மானும் கிடைச்சிருச்சு, ஃப்ரீசர்ல இடமில்லை. இன்னொரு 150 கட்டணுமா?

வேண்டியதில்லை. டெக்சாஸில் ஹண்டர்ஸ் ஃபார் தி ஹங்ரி என்ற திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த ப்ராசஸரிடம் குடல் எடுத்த மானை டேக்கோடு இறக்கினால், கறியை அரைத்து உணவு தேவைப்படும் குடும்பங்களுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களிடம் சின்னக் கட்டணம் கேட்கலாம், கேட்காமலும் போகலாம். சேர்ந்த கடைகளின் பட்டியல் வருஷத்துக்கு வருஷம் மாறும், அதனால் அடிப்பதற்கு முன்பே எந்தக் கடை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீசர் கணக்குக்கு: ஒரு கன அடி இடத்தில் சுமார் முப்பது பவுண்டு பாக்கெட் அடுக்கலாம். கடையிலிருந்து போன் வந்ததும் ஐஸ் பெட்டியோடு ஒரு வாரத்துக்குள் போய் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் நாள் வாடகை போடுவார்கள், ஒரு மாதம் தாண்டினால் பல கடைகளில் கறி உங்களுடையதாக இருக்காது.